பெட்டைப் பூனையும் முதற் சீலமும்

உயிர்க்கொலை செய்யேன் என்று நாள்தோறும் முதற் சீலத்தை ஏற்கும் ஒருவர், தம் வீட்டுப் பெட்டைப் பூனையைக் கூடையில் வைத்து மிருக வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்று, அதன் கருப்பையையும் சூலகங்களையும் அறுத்தெடுக்கச் செய்யலாமா? இவ்வினாவைத் திருவனந்தபுரத்து அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். பாவம் என்பார் ஒருசாரார். பாவமில்லை, அஃது ஊருக்கு நன்மை என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அறுவையின் விவரத்தை அறியாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். எந்த அறுவை, எந்தக் காலத்தில், உடலின் எப்பக்கம் வழியாக, எவ்வளவு நோவுடன், பின்னர் எத்தகைய பராமரிப்புடன் என்பவற்றை ஆராயாமல் இதற்கு விடை காண இயலாது. அறமும் மறமும் இவ்விடத்தில் விவரங்களிலேயே பிரிகின்றன என்பது யாம் கூற வந்தது.

முதலில் பூனையின் இயற்கையைக் காண்போம். குளிர் நாடுகளில் பகற்பொழுது குறுகும் மாரிக் காலத்தில் பெட்டைப் பூனைக்கு வேட்கை அடங்கியிருக்கும். பகல் நீளுந்தோறும் அது மீண்டும் எழும். நம் நகரமோ நிலநடுக்கோட்டிற்கு அண்மையில், எட்டரைப் பாகை வடக்கே அமைந்தது. இங்கே ஆண்டு முழுவதும் பகலின் அளவு அதிகம் மாறுவதில்லை. ஆதலின் பூனைக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்றில்லை. நான்கு மாதம் நிறைந்த குட்டியே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ அறுபத்து மூன்று முதல் அறுபத்தைந்து நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறப்பது இயல்பு. குட்டிகளுக்குப் பாலூட்டிக் கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப்படுவதுண்டு. ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்று என்பது மிகையன்று.

பிறந்த குட்டிகளின் கதி யாது? சாலைக் கடைவீதியிலும், பாளையம் சந்தையிலும், விழிஞ்ஞம் மீன்துறையிலும் பார்ப்போர் அதனை அறிவர். கண்சீழ் கட்டிப் பார்வை இழந்தவை சில. சக்கரத்தில் நசுங்கியவை சில. நாய் வாய்ப்பட்டவை சில. இவற்றையன்றி மனிதன் கையால் முடிவன பல. சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் எறிவதும், பால் மறவாக் குட்டிகளைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவருவதும் நம் தெருக்களில் நடப்பனவே. ‘நாங்கள் கொல்லவில்லை, விட்டுவிட்டோம்’ என்பார்கள். கண் திறவாக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விடுவது கொலைக்கு மற்றொரு பெயர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில், இந்நகரத்துப் பால்குளங்கரையில், சினையாயிருந்த ஒரு பூனை கயிற்றில் தூக்கிலிடப்பட்டுக் கிடந்தது. போலீசார் வழக்குப் பதிந்தனர். அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. தூக்கிலிடுவோர் அரியர், ஆயினும் ஆண்டுதோறும் ஈன்று ஈன்று பெருகும் குட்டிகளை யாரும் ஏற்காத ஊரில், பூனை ஒரு தொல்லையாகவே எண்ணப்படும். தொல்லை என்ற எண்ணம் முற்றினால் கை கொடிதாகிறது.

ஆகவே, அறுவை வேண்டா என்போர், ‘நான் எதையும் செய்யவில்லை’ என்று தம்மைத் தேற்றிக்கொள்ளலாகாது. செய்யாமையும் ஒரு செயலே. அதன் பயன் குட்டிகளின் தலையில் விழுகின்றது.

எனினும் மறுப்போர் பக்கமும் வலிய நியாயம் உண்டு. வடநாட்டுப் பௌத்தர்களின் மகாவிபாஷை என்னும் பெருநூலில் ஒரு கதை உள்ளது. கனிஷ்க மன்னனின் அந்தப்புரத்தைக் காத்த அலி ஒருவன், நகருக்கு வெளியே ஐந்நூறு காளைகளைச் சிலர் ஓட்டி வருவதைக் கண்டான். எதற்கென வினவ, காயடிப்பதற்கு என்றனர். தன் உடம்பிற்கு நேர்ந்த இழப்பை எண்ணி மனம் கசிந்து, பொருள் கொடுத்து அக்காளைகளை மீட்டான். அந்நல்வினையின் பயனாக அவன் இழந்த ஆண்மையை மீண்டும் பெற்றான் என்பது கதை. பிறிதோர் உயிரின் பிறப்பாற்றலை அழிப்பது சிறிய செயலன்று என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்துதல் அரிது. மயக்க மருந்தின்றிக் காளையின் விதையை நசுக்கி, அதனை ஏருக்கும் வண்டிக்கும் அடக்கிப் பழக்குவது முற்றிலும் உடையவன் நலத்திற்கே. அதனால் காளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

இங்கே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பூனையை வைத்தியசாலைக்கு நாம் எடுத்துச் செல்வது யார் நலத்திற்கு? இரவில் அதன் கூக்குரல் நம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்காக மட்டுமா? அங்ஙனமாயின் காளைக்காரனுக்கும் நமக்கும் வேற்றுமை சிறிது. ஈன்று மெலியும் தாய்க்கும், பிறந்து மடியும் குட்டிகளுக்கும் துயர் குறையவேண்டும் என்பதற்காகவா? அங்ஙனமாயின் அந்நோக்கத்திற்கு ஏற்ற முறையையும் தேர்ந்தெடுத்தல் கடன். நோக்கம் தூயது என்று சொல்லிவிட்டு முறையைக் கவனியாதிருப்பவன், நோக்கத்தையும் உண்மையாக உடையவன் அல்லன்.

அசோக மாமன்னர் இவ்வழியில் நமக்கு முன்னோடி. அவர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருவகை வைத்தியமும் ஏற்பாடு செய்யப்பட்டமையைக் கூறுகின்றார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகிய எல்லைநாடுகளின் பெயர்களும் அங்கே வருகின்றன. நாம் நிற்கும் இம்மண்ணும் அவ்வேற்பாட்டில் அடங்கியதே. முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் கல்வெட்டில் அவர் நம் வினாவிற்கே நெருங்கி வருகின்றார். சினையுற்றும் பாலூட்டியும் இருக்கும் வெள்ளாடு, செம்மறி, பன்றி ஆகியவற்றையும், ஆறு மாதம் நிறையாத அவற்றின் குட்டிகளையும் கொல்லலாகாது என்றார். சேவலின் விதை நீக்கலாகாது என்றார். காளை, கிடாய், பன்றி முதலியவற்றைக் குறித்த நாட்களில் காயடிக்கலாகாது என்றார். வேறு சில நாட்களில் குதிரைக்கும் காளைக்கும் சூடிட்டுக் குறியிடுதலையும் விலக்கினார்.

இக்கட்டளையை உற்று நோக்குங்கள். காயடித்தலை அவர் அடியோடு ஒழித்துவிடவில்லை. உழவை நம்பிய நாட்டில் அஃது இயலாது என்பதை அறிந்தவர். ஆயினும் அதனை மனம்போனபடி செய்யவும் விடவில்லை. எவ்வுயிர், எந்நிலை, எந்நாள் என்று பகுத்து எல்லை கட்டினார். சினையும் பாலும் உள்ள தாயைத் தனியே பிரித்துக் காத்தார். பூனையின் அறுவையில் நாம் பகுத்தறிய வேண்டியனவும் இவையே.

கொலை என்பது நிறைவேற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று பாளி உரைநூல்கள் கூறும்: உயிருள்ள பிராணி இருத்தல், உயிருள்ளது என அறிதல், கொல்லும் சிந்தை, அதற்கான முயற்சி, அம்முயற்சியால் சாதல். சினையில்லாத பூனையின் சூலகத்தை நீக்கும்போது கொல்லும் சிந்தையும் இல்லை, சாவும் இல்லை. ஆதலின் அது கொலை ஆகாது. ஆயினும் ஊறு உண்டு. அவ்வூற்றுக்கு அப்பூனை உடன்படவும் இல்லை. மனிதரிடம் உடன்பாடின்றிச் செய்யும் கருத்தடை எத்துணைக் கொடுமை என்பதை 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் இந்நாடு கண்டது. பூனைக்குச் சம்மதம் கேட்கும் மொழி இல்லை. அதனாலேயே நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகின்றது. பேச இயலாக் குழந்தைக்காக முடிவு செய்யும் தாயைப்போல, அதற்கு வரும் நோவை எவ்வளவு குறைக்க இயலுமோ அவ்வளவும் குறைத்தல் நம் கடமை ஆகின்றது.

இனி முறைகளைக் காண்போம். அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் பெரும்பாலும் வழங்குவது, சூலகங்கள் இரண்டையும் கருப்பையையும் சேர்த்து நீக்குதல். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சூலகங்களை மட்டும் நீக்கிக் கருப்பையை விட்டுவிடுகின்றனர். வேட்கையை எழுப்பும் சுரப்பு சூலகத்திலிருந்தே வருவதால், அது நீங்கியபின் கருப்பை சுருங்கிச் செயலற்றுக் கிடக்கும். நோயற்ற இளம் பூனைக்குப் பின்னதே போதும். வெட்டும் சிறிது, நேரமும் குறைவு. கருப்பையில் சீழோ வேறு நோயோ இருப்பின் இரண்டையும் நீக்கியே தீரவேண்டும். குழாயை மட்டும் கட்டிவிடும் முறையும் உண்டு. அதில் சூலகம் நிற்பதால் வேட்கையும் கூக்குரலும் அலைச்சலும் கடுவன்களின் சண்டையும் நில்லா. மடிக்கட்டி அபாயமும் நீங்காது. குறைவாக அறுப்பதே கருணை என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

வயிற்றைத் திறக்கும் வழிகளும் இரண்டு. ஒன்று, அடிவயிற்றின் நடுக்கோட்டில் வெட்டுதல். இவ்வழியில் இரு சூலகங்களும் எளிதில் தென்படும்; இடர் நேர்ந்தால் வெட்டை நீட்டிக் கொள்ளலாம். மற்றொன்று, விலாவிற்குக் கீழே பக்கவாட்டில் சிறு வெட்டு. தெருப் பூனைக்கும் பாலூட்டும் தாய்க்கும் இப்பக்க வழி நன்று. தையல் பால்மடிகளுக்கு அப்பால் இருப்பதால் குட்டிகளின் வாயும் நகமும் அதில் படா. பூனையைப் பிடிக்காமல் தொலைவிலிருந்தே புண்ணைப் பார்த்தறியலாம். தையல் பிரிந்தாலும் குடல் வெளிவரும் அபாயம் குறைவு. சினை முற்றிய பூனைக்கு அவ்வழி பொருந்தாது. சிறு துளைகள் வழியே குழாய்க் கருவியைச் செலுத்திச் செய்யும் முறையும் உண்டு. அதில் நோவு குறைவு. ஆனால் கருவியும் பயிற்சியும் பணமும் மிகுதியாக வேண்டும். இவற்றுள் எதுவும் எல்லாப் பூனைக்கும் உகந்தது அன்று. இந்தப் பூனை எந்நிலையில் இருக்கின்றது, அறுவைக்குப்பின் எங்கே வாழப் போகின்றது என்பதைக் கேட்டே வைத்தியர் முறையைத் தெரிந்தெடுப்பார். அவ்விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டியவர் கொண்டு செல்லும் நாம்.

உள்ளே நடப்பதில் மிகவும் நுட்பமானது சூலகத்திற்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கட்டும் முடிச்சு. பஞ்சாலையில் அறுந்த இழையை முடிந்தோர்க்கு முடிச்சின் அருமை தெரியும். அங்கே முடிச்சு நழுவினால் நூல் வீணாகும், இங்கே நழுவினால் உள்ளே இரத்தம் பெருகி உயிர் போகும். பழக்கமுள்ள வைத்தியர் சிலர் நூலே இன்றி, அக்குழாயையே இடுக்கியில் சுற்றி அதனாலேயே முடிச்சிட்டு விடுகின்றனர். இதனால் நேரம் மிச்சமாகின்றது. தையலுக்கு நெடுங்காலம் வழங்கிய ‘கேட்கட்’ என்னும் நூல், பெயரில் பூனை இருந்தாலும், ஆட்டின் குடலிலிருந்தும் மாட்டின் குடலிலிருந்தும் எடுப்பது. உடலில் தானே கரையும் செயற்கை நூல்கள் இன்று கிடைக்கின்றன. ஒன்றன் நோவைத் தீர்க்க மற்றொன்றன் குடல் வேண்டா என எண்ணுவோர் அதனை வைத்தியரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

இனி வருவது இவ்வினாவில் யாவற்றினும் கடினமான பகுதி. சினையுற்ற பூனையை அறுவைக்குக் கொண்டு செல்லலாமா? கருப்பையை நீக்கும்போது உள்ளிருக்கும் குட்டிகள் மடியும். இங்கே ஐந்து அங்கங்களும் நம் முன் வந்து நிற்கின்றன: உயிர் உண்டு, உண்டென்று அறிகின்றோம், முடிவும் சாவே. ‘பிறந்தாலும் சாகத்தானே போகின்றன’ என்னும் வாதத்தை யாம் ஏற்கவில்லை. அவ்வாதம் எவ்வுயிரைக் கொல்வதற்கும் பயன்படும். 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த தெருநாய்க் கருத்தடை விதிகளும், சினையுற்ற பெண் நாய்க்கு எந்நிலையிலும் கருச்சிதைவு செய்யலாகாது, ஈனும்வரை விட்டுவிட வேண்டும் என்றே கூறின. அவ்விதிகளின் இடத்தில் 2023-ல் புதிய விதிகள் வந்தன. ஆயினும் அச்சொல்லில் இருந்த அறம் பழையதாகிவிடவில்லை. தாயின் உயிருக்கே இடர் நேர்ந்தால் வைத்தியர் சொற்படி நடத்தல் வேறு.

ஆனால், ஈனவிட்டபின் கைகழுவிவிடுவதும் அறமன்று. சினையைக் காத்தவர் குட்டிகளையும் காக்கக் கடமைப்பட்டவர். தாயையும் குட்டிகளையும் அறைக்குள் வைத்துக் காத்து, குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்கு அறுவை செய்வித்து, குட்டிகளுக்கு இடம் தேடித் தரவேண்டும். இப்பெருஞ் சுமையை ஏற்க இயலாதவர்க்கு ஓர் எளிய வழி உண்டு: காலம் தாழ்த்தாமை. ஐந்து மாதம் நிறையுமுன் அறுவை செய்துவிட்டால் இவ்வினாவே எழாது. சினைப்பூனையை மேசைமேல் வைத்துவிட்டுப் பாவமா புண்ணியமா என்று கேட்போரிற் பலர், மூன்று மாதத்திற்கு முன்னர் கேட்டிருக்க வேண்டியவர்கள். இளமையில் செய்வதால் பூனைக்கும் நன்மை உண்டு. ஆறு மாதத்திற்குமுன் அறுவை செய்யப்பெற்ற பூனைகளுக்குப் பால்மடிப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 91 விழுக்காடு குறைகின்றது என 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

நோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து அறுவையின்போது உணர்வை மறைக்கும்; விழித்தபின் வரும் நோவுக்கு வேறு மருந்து வேண்டும். பூனை நோவை வெளிக்காட்டாமல் ஒடுங்கிக் கிடக்கும் பிராணி. அது கத்தவில்லை என்பதால் நோவில்லை என்று கொள்ளற்க. நோவுக்கு மருந்து தருவார்களா என்று முன்னரே கேளுங்கள். வீட்டில் உள்ள பாரசிட்டமால் மாத்திரையை ஒருகாலும் கொடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. அறுவைக்கு முன் வைத்தியர் சொன்ன நேரத்திற்கு மேல் பட்டினி போடாதீர்கள். சிறு குட்டிக்கு இரத்தத்தில் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். மயக்கம் தெளியும்வரை உடம்பு குளிராமல் துணி சுற்றிக் காக்க வேண்டும். தெருப் பூனையாயினும் நன்கு விழித்து நடக்கும் முன் தெருவில் விடலாகாது. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளம் இடுவதுண்டு. மறுமுறை அதனைப் பிடித்து வயிற்றைத் திறக்காதிருக்க அக்குறியே காவல். விலங்கிற்குக் குறியிடுதலை எல்லைக்குள் வைத்த அசோகர் காலத்து எண்ணத்திற்கு, நோவறியாமல் அதன் நலத்திற்கே இடும் இக்குறி மாறானது அன்று. அந்நாளிலேயே வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவித்தல் நலம். நாயைப் போலவே பூனை கடித்தாலும் அந்நோய் பரவும்.

கத்தியே வேண்டா என்று, வேட்கையை அடக்கும் மாத்திரையையும் ஊசியையும் நாடுவோர் உண்டு. அவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் கருப்பையில் சீழும், மடிக்கட்டியும், நீரிழிவும் வரக்கூடும். குருதி காணாத ஊறும் ஊறே. 2023-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரே ஊசியால் மரபணுவைச் செலுத்தி ஆறு பெட்டைப் பூனைகளைச் சோதித்தனர். இரண்டாண்டுக் காலம் அவற்றுள் ஒன்றும் சினைப்படவில்லை. பின்னொரு நாளில் கத்தியின் வேலையை இத்தகைய ஊசி ஏற்கக் கூடும். இன்று நம் ஊரில் நம்பத்தக்க வழி அறுவையே.

கடுவனுக்குச் செய்யும் அறுவை எளிது. வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை, சில நிமிடங்களில் முடியும். ஒரு கடுவன் விடுபட்டாலும் பல பெட்டைகள் சினைப்படும் ஆதலின், பெட்டையை விட்டுக் கடுவனுக்கு மட்டும் செய்தால் பயன் குறைவு. எனினும் பெட்டையை மட்டும் கொண்டு சென்று கடுவனை அலையவிடுதலும் நேர்மையன்று; சண்டையும் காயமும் அதனால் பரவும் நோயும் அதற்கும் உண்டு. மனிதரிடத்தும் நாம் இவ்வாறே நடந்து வருகின்றோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தம்பதியரில் மனைவிக்குக் கருத்தடை அறுவை செய்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தெட்டு. கணவனுக்குச் செய்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எளிய அறுவை எதுவோ அதை விட்டுக் கடிய அறுவையைப் பெண்ணின்மேல் சுமத்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆண்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

சென்னையில் மாநகராட்சியார் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் நடந்தது. கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் சங்கத்தார் 1964 முதல் வற்புறுத்தினர்; 1996-ல்தான் மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. நம் திருவனந்தபுரம் மாநகராட்சியும் பேட்டையிலும் வண்டித்தடத்திலும் நாய்களுக்கான கருத்தடை நிலையங்களை நடத்தி வந்திருக்கின்றது. கொலைக்கு மாற்றாக வந்த கத்தி இது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கொலைக்கு மாற்று என்பதனாலேயே அது எவ்விதத்திலும் செய்யத்தக்கது ஆகிவிடாது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். கணக்குக்காக ஒரே நாளில் மிகப் பலவற்றை அறுத்துத் தள்ளி, கொதிக்க வைக்காத கருவியாலும் தளர்ந்த தையலாலும் அவற்றைச் சாகவிடும் இடத்தில் முதற் சீலம் காக்கப்படுவதில்லை.

அன்பர்களே, முதலில் கேட்ட வினாவிற்கு இப்போது விடை கூறலாம். செய்யலாம். இளமையில், சினைக்கு முன், பூனையின் நிலைக்கேற்ற முறையில், நோவுக்கு மருந்துடன், தெளியும்வரை அருகிருந்து செய்விப்பின் அது காருண்யச் செயலே. இவற்றைக் கேட்கவும் மனமின்றிக் கூடையை ஒப்படைத்துவிட்டு வருவோர் அதனை அறம் என்று சொல்லிக்கொள்ள வேண்டா. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நான்கு மாதப் பெட்டைக் குட்டி ஒன்று இருக்குமாயின், அடுத்த பௌர்ணமிக்குள் அதனை வைத்தியரிடம் காட்டுங்கள். எவ்வழியாக அறுப்பீர்கள், நோவுக்கு என்ன தருவீர்கள், இரவு யார் பார்த்துக் கொள்வார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கூடையைக் கொடுங்கள்.